சொந்தத் தென்னை விளையின் தேங்காய் வீட்டு எண்ணெயாகும் வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நிர்வாக எல்லை நகர்ந்ததே தவிர, அடுக்களை நகரவில்லை. எல்லை ஊரான களியக்காவிளைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் மீன் பொரிப்பதும், இறக்கிய அவியலின் மேல் ஊற்றுவதும், வேகவைத்த மரச்சீனிக் கிழங்கைத் தாளிப்பதும் இன்றும் தேங்காய் எண்ணெயில்தான். ஆயினும், வீட்டைச் சுற்றி ஐந்தாறு தென்னைகள் நிற்கும் குடும்பங்களே தேங்காயை மொத்த வியாபாரியிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, கடையிலிருந்து பாக்கெட் எண்ணெய் வாங்கி வருவதைப் பல ஊர்களில் காண்கிறோம். மரம் இருக்கிறது, வெட்டுக்கத்தி இருக்கிறது, கம்பிப்பாரை இருக்கிறது, பக்கத்து ஊரில் செக்கும் இருக்கிறது; இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வேலைமுறைதான் கைவிட்டுப் போயிருக்கிறது. அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

எண்ணெய் நன்றாக அமைந்தால் செக்கைப் புகழ்வதும், சிக்கு வாடை வந்தால் செக்குக்காரரைக் குறை சொல்வதும் வழக்கம். என் உறுதியான கருத்து வேறு. செக்கு, கொடுத்ததைப் பிழிந்து தருகிறது, அவ்வளவே. தேங்காயை உடைத்த நேரத்திலிருந்து கொப்பரை முழுதாகக் காயும் வரை உள்ள ஏழெட்டு நாட்களில்தான் எண்ணெயின் மணமும் நிறமும் ஆயுளும் முடிவாகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் உலர்த்தும் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

எவ்வளவு தேங்காய் வேண்டும்

நன்கு விளைந்த நெட்டை இனத் தேங்காய் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 140 முதல் 180 கிராம் வரை கொப்பரை கிடைக்கும். 100 தேங்காய்க்கு 15 கிலோ கொப்பரை என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பிசகாது. நன்கு காய்ந்த கொப்பரையின் எடையில் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் கீழுமாகச் செக்கில் எண்ணெய் இறங்கும். 15 கிலோவுக்கு 9 கிலோ எண்ணெய், அதாவது கிட்டத்தட்ட 10 லிட்டர். மாதம் 2 லிட்டர் செலவாகும் வீட்டுக்கு ஆண்டுக்கு 240 முதல் 250 தேங்காய் போதும். சுமாராகப் பராமரிக்கப்படும் ஐந்து நெட்டை மரங்கள் இதைத் தாராளமாகத் தந்துவிடும். கறிக்கு அரைக்கவும் மிஞ்சும்.

செக்கின் அளவையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சிறிய மோட்டார் செக்குகள் ஒரு தடவைக்கு 15 முதல் 20 கிலோ வரை கொப்பரை எடுத்துக்கொள்ளும். அதற்குக் குறைவாகக் கொண்டுபோனால் உலக்கை சரியாகப் பிடிக்காது, பிண்ணாக்கில் எண்ணெய் தங்கிவிடும், அல்லது உங்கள் கொப்பரையை இன்னொருவருடையதோடு கலக்க நேரும். எனவே ஒரே வெட்டில் 120 தேங்காயையாவது ஒதுக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது.

வெட்டும் பருவம்

பாளை விரிந்த பிறகு தேங்காய் முழுதாக விளைய நெட்டை மரத்தில் ஏறக்குறைய 12 மாதம் ஆகும். 11 மாதத்துக்கு முன் வெட்டிய காயின் பருப்பு உலரும்போது சுருங்கி ரப்பர் போல வளையும். அதில் எண்ணெயும் குறைவு. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை மரம் ஏறுபவர் வரும்போது, எந்தக் குலையை இறக்குவது, எதை விடுவது என்று கீழே நின்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். தோடு பச்சை மாறிப் பழுப்பேறி, தட்டினால் கணீரென்று ஒலித்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் ஓசை கேட்டால் அது விளைந்த காய்.

குட்டை மரங்களின் காயை இந்த வேலைக்குச் சேர்க்க வேண்டாம். சௌக்காட் ஆரஞ்சுக் குட்டை போன்றவை கருக்குக்கு, அதாவது இளநீருக்கு, அருமையானவை. ஆனால் அவற்றின் கொப்பரை தரமாக அமைவதில்லை. ஈரியோபைட் சிலந்திப்பேன் தாக்கிய காய்களையும் தனியே பிரித்து வையுங்கள். 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்ட இந்தப் பேன் விரைவிலேயே நம் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. அது தாக்கிய காய் சிறுத்து, தோடு வெடித்து, கதம்பல் (நார்மட்டை) ஓட்டோடு இறுகிப்போகும். உரிப்பதற்கு இரட்டை உழைப்பு ஆகும். உள்ளே பருப்பு நன்றாக இருந்தால் அதை அன்றாடக் கறிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மரம் ஏற ஆள் கிடைக்காததே இன்று பலருக்கும் முதல் தடை. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, கருவி வைத்து மரம் ஏறும் முறையை இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கற்பித்தது. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான, இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி உயர்த்தி ஏறும் கருவி நம் சந்தைகளிலும் கிடைக்கிறது. அதை வாங்குவோர் பாதுகாப்புக் கயிறோடு சேர்த்து வாங்க வேண்டும்; பயிற்சி இல்லாமல் ஏறக் கூடாது. மழையில் நனைந்து பாசி வழுக்கும் மரத்தில் எந்தக் கருவியோடும் ஏறக் கூடாது. வெட்டும் நேரத்தில் மரத்தடியிலிருந்து குழந்தைகளையும் மாட்டையும் அகற்றிவிடுவது முதல் விதி.

உரிக்காமல் கிடத்தி வைத்தல்

வெட்டிய அன்றே உரித்து உடைக்கத் துடிப்பவர்கள் உண்டு. இரண்டு முதல் நான்கு வாரம் கதம்பலோடு நிழலில் கிடத்தி வைத்தால், பருப்பிலுள்ள நீர் ஓரளவு குறைந்து பருப்பு கெட்டிப்படும். சிரட்டையிலிருந்து கழல்வதும் எளிதாகும். மாட்டுக் கொட்டிலின் ஓரமோ, விறகுப்புரையோ போதுமானது. ஈரத் தரையில் நேராகக் குவிக்காமல், பழைய மட்டைகளை அடுக்கி அவற்றின் மேல் போடுங்கள். இதற்கு மேலும் நாள் கடத்தினால் முளை கட்டத் தொடங்கும். முளைவிட்ட காயின் உள்ளே பூ உருவாகி, பருப்பிலுள்ள எண்ணெயைத் தின்று வளர்கிறது. அத்தகைய காயைக் கொப்பரைக்குச் சேர்க்க வேண்டாம். பூவைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கருவிகள்: கம்பிப்பாரையும் வெட்டுக்கத்தியும்

உரிப்பதற்குக் கம்பிப்பாரையை மண்ணில் ஆழமாக நட்டு, கூர்முனை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே நிற்கும்படி அமைக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு அது பொருந்தாவிட்டால் ஐம்பது காயிலேயே முதுகு பிடித்துக்கொள்ளும். பாரையின் முனை ஊசிபோல் இருக்கத் தேவையில்லை. தட்டையான உளி முனையாக, விரல் அகலத்துக்கு இருந்தால் கதம்பலைப் பிளந்து நெம்ப வசதியாக இருக்கும். முனை மழுங்கியிருந்தால் கை அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். மின் சாணையில் வைத்து நீல நிறம் ஏறும்வரை சூடாக்கினால் இரும்பின் பதம் இறங்கிவிடும். பிறகு அந்த முனை நிற்காது.

காயின் காம்புப் பக்கத் தோளில் முனை இறங்கும்படி இரு கைகளாலும் அழுத்தி, மணிக்கட்டைத் திருப்பி ஒரு பட்டையைப் பிளந்தெடுக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு குத்தில் முழுக் கதம்பலும் கழன்றுவிடும். பாரையின் மேல் குனியும்போது முகமும் மார்பும் முனைக்கு நேரே வரக் கூடாது. பழக்கமில்லாதவர்களுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த ‘கேரமித்ரா’ என்ற நெம்புகோல் கருவி பொருத்தமானது. காயை அதன் முனையில் குத்தி, கைப்பிடியை உயர்த்தினால் இரண்டு தாடைகள் விரிந்து கதம்பலைப் பிளக்கும். கம்பிப்பாரையின் வேகம் இதற்கு வராது; ஆனால் வயதானவர்களும் பயமின்றிக் கையாளலாம். நூற்றுக்கணக்கில் உரிக்கும் வீட்டுக்கு மோட்டார் இயந்திரம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆண்டுக்குச் சில நாள் மட்டுமே ஓடும் இயந்திரம் மீதி நாளெல்லாம் துருப்பிடிக்கும்.

உடைப்பதற்கு வெட்டுக்கத்தியே போதும். இடது கையில் காயை ஏந்தி, கண்ணுக்கும் அடிக்கும் நடுவேயுள்ள வட்டத்தில் கத்தியின் முதுகால் ஓங்கித் தட்டி, காயைச் சற்றுத் திருப்பி மறுபடியும் தட்டினால் சம பாதியாகப் பிளக்கும். கோணலாக உடைந்த முறிகள் ஒருபுறம் முன்பும் மறுபுறம் பின்பும் காயும். தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக்கொள்ளலாம்; முறிகளைக் கவிழ்த்து வைத்து நன்றாக வடிய விடுவது அவசியம். அழுகல் வாடை, பழுப்புப் புள்ளி, கொழகொழப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த முறியை அங்கேயே தள்ளிவிட வேண்டும்.

காலையில் உடைக்க வேண்டும்; மாலையில் உடைக்கக் கூடாது. உடைத்த பருப்பில் பாதிக்குப் பாதி நீர் இருக்கிறது, இனிப்பும் இருக்கிறது. நுண்ணுயிர்கள் பெருக இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. மாலையில் உடைத்து இரவெல்லாம் கிடக்க விட்ட முறியில் விடியும்போது பிசுபிசுப்பு தோன்றியிருக்கும். வெயில் ஏறும் எட்டு மணிக்குள் உடைத்து முடித்து, அன்றைய முழு வெயிலும் பருப்பின் மேல் விழச் செய்யுங்கள்.

உலர்த்துதல்

உடைத்தபோது 50 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் நீர் 6 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். இந்த இலக்கைத்தான் முழுவேலையும் சுற்றிவருகிறது. 6-க்கு இறங்கிய கொப்பரையில் பூஞ்சை பிடிக்காது. 10, 12 என்று நின்றுவிட்டால், மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் சாக்கில் கட்டி வைத்த சில நாளில் பச்சையும் மஞ்சளுமாகப் பூக்கும். அந்த மஞ்சள்-பச்சைப் பூஞ்சைகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் முக்கியமானது. அது அஃப்ளாடாக்சின் என்ற, ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கிறது. பெரிய ஆலைகளில் நடக்கும் சுத்திகரிப்பு வீட்டு எண்ணெய்க்குக் கிடையாது. ஆகையால் பூஞ்சையை வரவிடாமல் தடுப்பது ஒன்றே நமக்குள்ள வழி.

குமரியின் மேற்குப் பகுதிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கும் பெய்யும். சித்திரையிலிருந்து மாலைநேர இடிமழை வேறு. தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்கள்தான் வெயிலை நம்பிக் கொப்பரை போடத் தகுந்தவை. ஆண்டுக்கு வேண்டிய எண்ணெயை இந்தக் காலத்திலேயே இரண்டு தடவையாக ஆட்டி வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிய வழி. அப்படிச் செய்ய இயலாதவர்களுக்கு மழைக்கால முறையைப் பின்னால் தருகிறேன்.

வெயில் முறைக்குச் சிமெண்டுக் களமோ மொட்டை மாடியோ வேண்டும். மண் தரை ஆகாது. முதல் நாள் முறிகளைப் பருப்பு மேலே பார்க்கும்படி ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். மாலை நான்கரை, ஐந்து மணிக்கெல்லாம், களம் சூடாக இருக்கும்போதே முறிகளை அள்ளிக் கூரைக்குள் சேர்த்து, கவிழ்த்து அடுக்குங்கள். பனி பட்டால் அன்று காய்ந்த காய்ச்சல் வீணாகும். இரவில் தார்ப்பாயால் இறுக மூடுவதைப் பலர் செய்கிறார்கள். ஈரப் பருப்பின் ஆவி உள்ளேயே வியர்த்துச் சொட்டும் என்பதால் முதல் இரண்டு இரவுகளில் மூடாமல் காற்றோட்டமாக வைப்பதே சரி. காக்கைக்கும் எலிக்கும் வலை போதும்.

இரண்டு, மூன்று நல்ல வெயில் ஆனதும் பருப்பு சுருங்கிச் சிரட்டையை விட்டு விலகும். அப்போது மழுங்கிய கத்தி முனையை ஓரத்தில் செருகி நெம்பினால் முழுக் கிண்ணமாகக் கழன்று வரும். விலகாததை வலுக்கட்டாயமாகப் பெயர்த்தால் பருப்பு உடைந்து தூளாகும். இன்னொரு நாள் விட்டுவிடுங்கள். கழற்றிய பிறகு ஒருநாள் உட்புறம் மேலே, மறுநாள் வெளித்தோல் மேலே என்று புரட்டிப் போட வேண்டும். மொத்தத்தில் தடையில்லாத ஏழு முதல் ஒன்பது வெயில் தேவைப்படும்.

காய்ந்ததை எப்படி அறிவது? கையால் வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். ஒடிந்த இடம் நடுவிலும் ஓரத்திலும் ஒரே வெண்மையாக இருக்க வேண்டும். நடுவில் நீரோட்டம் போன்ற மங்கலான கோடு தெரிந்தால் ஈரம் உள்ளே தங்கியிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. இவை அனுபவச் சோதனைகள். இவற்றோடு தராசுச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுமாறு வற்புறுத்துகிறேன். உடைத்த அன்றே நான்கைந்து முறிகளிலிருந்து பருப்பை மட்டும் பெயர்த்து, 1 கிலோ எடைபோட்டு, ஒரு வலைப்பையில் கட்டி மற்றவற்றோடு அதே களத்தில் காயப் போடுங்கள். நாள்தோறும் மாலையில் அதை மட்டும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். எடை 530 முதல் 580 கிராமுக்குள் இறங்கி, அடுத்தடுத்த இரண்டு நாளும் மாறாமல் நின்றால், காய்ச்சல் போதுமானது. பெயர்த்த பருப்பு சிரட்டையில் இருப்பதைவிடச் சற்று முந்திக் காயும் என்பதால், எடை நின்ற பிறகும் குவியலுக்கு ஒரு வெயில் கூடுதலாகக் கொடுப்பது பாதுகாப்பு.

மழைக்காலத்தில் பழைய வீடுகள் அடுப்புக்கு மேலுள்ள பரணை நம்பின. அதே முறையைச் சற்று ஒழுங்குபடுத்திச் செய்யலாம். ஆளுயரத்தில் மூங்கில் அல்லது கமுகு வாரியால் இடைவெளிவிட்டுத் தட்டு அமைத்து, நான்கு பக்கமும் செங்கல்லாலோ தகரத்தாலோ மறைத்து, கீழே தீ மூட்ட வேண்டும். எரிபொருளாக விறகோ கதம்பலோ வேண்டாம். அவற்றின் புகை கொப்பரையைக் கறுப்பாக்கி, எண்ணெயில் புகைவாடையை ஏற்றிவிடும். காய்ந்த சிரட்டையே தகுந்தது. சிரட்டைகளை ஒன்றினுள் ஒன்று செருகி நீண்ட வரிசையாகத் தரையில் படுக்கவைத்து, ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், கனல் ஒவ்வொன்றாக நகர்ந்து பல மணி நேரம் சீராக எரியும். புகையும் மிகக் குறைவு. இதைக் கண்டுபிடித்த முன்னோரின் அறிவு எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. விலை இல்லை, இயந்திரம் இல்லை, வெப்பம் மட்டும் கட்டுக்குள் இருக்கிறது.

தட்டின் வெப்பம் 60 பாகை செல்சியசை ஒட்டி இருக்கட்டும். சாதாரண வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். அவசரப்பட்டு 80-க்கு மேல் ஏற்றினால் மேல்தோல் கெட்டியாகிப் பழுப்பேறும், உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியின்றி அடைபடும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் இந்தக் கொப்பரைதான் சாக்கில் முதலில் கெடும். தினமும் மேலடுக்கைக் கீழும் கீழடுக்கை மேலும் மாற்றிப் போடுங்கள். இரவில் தீயை அணைத்துவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளிப்புறம் நகர்ந்து, மறுநாள் எளிதில் வெளியேறும்.

காசர்கோட்டில் 1916-இல் தென்னை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, இன்று மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் அமைப்பு, சிரட்டையை எரித்து, புகை படாமல் வெப்பத்தை மட்டும் கொப்பரைக்கு அனுப்பும் சிறிய உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ள அது ஏற்றது. வெயில் இருந்தும் திடீர் மழைக்கு அஞ்சுபவர்கள் சூரியக் கூடார உலர்த்தியைப் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் விரிப்பால் மூடிய கூடாரத்தினுள் வெப்பம் தங்கும், மழையும் தூசியும் உள்ளே வராது. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் வழங்கிவருகிறது. எந்தக் கூடாரமானாலும் இரு முனையிலும் ஈரக்காற்று வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும்.

கந்தகப் புகை போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வியாபாரக் களங்களில் பூஞ்சையைத் தடுக்கவும் வெண்மை தரவும் கந்தகத்தை எரித்துப் புகை காட்டுகிறார்கள். சொந்த வீட்டு எண்ணெய்க்கு அதைத் தொடவே வேண்டாம். காய்ச்சல் சரியாக இருந்தால் அதற்குத் தேவை எழாது. காய்ச்சல் சரியில்லாதபோது அது குறையை மறைக்கிறதே தவிரப் போக்குவதில்லை.

தரம் பிரித்தலும் வைத்திருத்தலும்

காய்ந்த கொப்பரையைப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பாருங்கள். இந்த வேலையை வீட்டில் கண் கூர்மையுள்ளவரிடம் ஒப்படையுங்கள். வளைபவை, கறுத்தவை, பூஞ்சை படிந்தவை தனியே போகட்டும். பூஞ்சையைத் துடைத்துவிட்டுச் சேர்ப்பதும், கழுவி மறுபடி காய வைப்பதும் பயனற்றவை. நஞ்சு பருப்புக்குள் இறங்கியிருக்கும். அதை மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அந்த நஞ்சு பாலில் வெளிவரும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

நல்லவற்றை உடனே ஆட்டிவிடுவது சிறந்தது. காத்திருக்க நேர்ந்தால் முழுதாகக் குளிர்ந்த பிறகு புதிய சாக்கில் கட்டி, தரையைத் தொடாமல் பலகை மேல் வையுங்கள். சிவந்த காலுடைய சிறு நீல வண்டு கொப்பரையைத் துளைத்துத் தூளாக்கும். அது தென்பட்டால் ஒரு முழு வெயிலில் பரப்பி, சலித்தெடுத்து, தாமதிக்காமல் செக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

செக்கில்

முற்காலத்தில் கல்லாலோ வாகை மரத்தாலோ ஆன உரல் அசையாமல் நிற்க, மாடு உலக்கையைச் சுற்றிவந்தது. இன்றைய மோட்டார் செக்குகளில் உரல் சுழல, உலக்கை நிற்கிறது. இரண்டிலும் வேகம் குறைவு, சூடும் குறைவு. கொப்பரையின் மணம் எண்ணெயில் நிலைக்கக் காரணம் அதுவே. எக்ஸ்பெல்லர் இயந்திரம் எண்ணெயைக் கூடுதலாகப் பிழியும், நேரமும் மிச்சமாகும். ஆனால் அழுத்தத்தால் எழும் சூட்டில் எண்ணெய் நிறமேறி, வறுத்த வாடை சேரும். பலகாரம் பொரிக்க மட்டும் எண்ணெய் வேண்டுமென்றால் எக்ஸ்பெல்லரில் ஆட்டுவதில் தவறில்லை. தலைக்கும் அவியலுக்கும் ஊற்றுவதற்குச் செக்கையே பரிந்துரைப்பேன்.

செக்குக்குப் போகும் நாளின் காலையில் கொப்பரையை இன்னொரு முறை வெயில் காட்டி, இளஞ்சூட்டோடு கொண்டுபோங்கள். அதை விரல் அகலத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தால் உலக்கை உடனே பிடிக்கும். முன்னால் என்ன ஆட்டப்பட்டது என்பதை முதலில் விசாரியுங்கள். எள்ளோ கடலையோ ஆட்டிய உரலைத் துடைக்காமல் உங்கள் கொப்பரையைப் போட்டால் அந்த மணம் ஏறிவிடும். உரலை ஈரத்துணியால் துடைக்க விடாதீர்கள். உலர்ந்த துணியும், உங்கள் கொப்பரையிலிருந்து ஒரு கைப்பிடித் துண்டும் போட்டு ஓட்டி எடுத்தால் சுத்தமாகும். எள்ளுக்குக் கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். கொப்பரைக்கு அது வேண்டியதில்லை, தண்ணீர் தெளிப்பதும் வேண்டியதில்லை.

ஆட்டி முடியும் வரை பக்கத்தில் இருங்கள். கொப்பரை நசுங்கி, மாவாகி, பிறகு பிண்ணாக்கு உரலின் ஓரத்தில் ஒதுங்க, நடுவில் எண்ணெய் திரளும். பிண்ணாக்கைக் கையில் பிடித்து அழுத்தினால் எண்ணெய் கசியாமல் உதிர வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் சூடுதான் ஏறும். வந்த எண்ணெயை எடைபோட்டுக் கொப்பரையின் எடையோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். 55 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால், பெரும்பாலும் காய்ச்சல் போதாமையோ இளங்காய் கலந்ததோ காரணமாக இருக்கும்.

தெளிய வைத்தலும் சேமித்தலும்

புது எண்ணெய் கலங்கலாக இருக்கும். அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். மிஞ்சிய ஈரம் ஆவியாகும், கசடு அடியில் படியும். பிறகு ஆட்டாமல் மேலுள்ள தெளிவை மட்டும் வடித்தெடுத்து, நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். அடிக்கசடை முதலில் பொரிக்கும் வேலைகளுக்குச் செலவழித்துவிடலாம்.

கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான் பரணி ஆகியவை சேமிக்க ஏற்றவை. செம்பும் பித்தளையும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கடையச் செய்யும் உலோகங்கள். பழைய பித்தளைக் குடத்தை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க்கு வேண்டாம். கலம் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். கழுத்துவரை நிரப்பிக் காற்றைக் குறைத்து, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். அன்றாடப் புழக்கத்துக்குச் சிறு குப்பியில் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் கரண்டி பெரிய பரணிக்குள் போகவே கூடாது. பழைய எண்ணெயின் மிச்சத்தில் புதியதை ஊற்றுவதும் கூடாது. மார்கழி விடியலில் வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்கும்போது எண்ணெய் உறைவது இயல்பு. கலப்படத்துக்கு அது அடையாளமுமல்ல, தூய்மைக்குச் சான்றுமல்ல.

குழந்தைக்கான உருக்கெண்ணெய்

பிள்ளைக்குத் தேய்த்துவிடச் சிறிதளவு எண்ணெய் மட்டும் போதுமென்றால் கொப்பரையே தேவையில்லை. விளைந்த தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, அடிகனத்த உருளியில் ஊற்றிச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் வற்றி, பால் திரிந்து, கசடு பொன்னிறமாகும் தருணத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். கசடு கறுப்பதற்கு முன் இறக்கி வடிகட்டுங்கள். லிட்டருக்கு 12 முதல் 15 தேங்காய் வரை செலவாகும், அரைநாள் அடுப்படியில் நிற்க வேண்டும். ஆகவே ஆண்டுச் சமையலுக்கு இது கட்டாது.

மிஞ்சுபவை

பிண்ணாக்கு உங்கள் மாட்டுக்கு உரியது. செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாகத் தங்கியிருப்பதால் தீவனத்தோடு சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். ஈரமின்றி வைத்து ஓரிரு மாதத்தில் தீர்த்துவிட வேண்டும், நாள்பட்டால் அதிலும் பூஞ்சை வரும். சிரட்டையில் பாதியை அடுத்த மழைக்காலத்து உலர்த்தலுக்கு மூட்டை கட்டிக் கூரைக்கடியில் வையுங்கள். கதம்பலைத் தென்னையின் தூரைச் சுற்றி, மரத்திலிருந்து சுமார் ஐந்தடி தள்ளி வட்டப்பள்ளம் எடுத்து, நார்ப்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண்ணிட்டு மூடுங்கள். அது மழைநீரை உறிஞ்சி வைத்து மாசி, பங்குனி வறட்சியில் வேருக்கு ஈரம் தரும். மட்கும்போது அதிலுள்ள சாம்பல்சத்தும் மண்ணில் இறங்கும். இப்படிப் புதைத்த கதம்பல் ஐந்தாறு ஆண்டு வரை பயன் தரும் என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மரம் என்று முறைவைத்துக்கொண்டு விளை முழுவதும் சுற்றி வரலாம்.